வாசிக்காமல் கிடக்கும் கிறிஸ்தவப் புத்தகங்களை நோய்ப்படுக்கையில் வாசிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்ததும் நான்கு மாதம் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஓடியது. சபைக் கன்வென்ஷன் கூட்டத்தின் பந்தல் கடையில் வாங்கியவை, கல்யாணத்துக்கு வந்தவை, மாற்றலாகிப் போன ஐயர் (போதகர்) ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்தவை என்று என் அலமாரியில் 47 புத்தகங்கள் வாசிக்காமல் கிடந்தன. இப்போதாவது முடித்துவிடலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். முதல் மூன்று வாரத்தில் ஒன்றையும் முடிக்கவில்லை. நான்காவது வாரத்தில்தான் வழி பிடிபட்டது.

எழுந்து நடமாடத் தொடங்கியதிலிருந்து ஆறு வருஷமாக, எங்கள் சபையில் சுகவீனமானவர்களைப் பார்க்கப் போகும் குழுவில் இருக்கிறேன். நான் இடறிய அதே கல்லில் எத்தனையோ பேர் இடறுவதைப் பார்த்துவிட்டேன். பக்தி குறைந்தவர்கள் யாரும் அதில் இல்லை. வரிசை தெரியாமல் தொடங்கியவர்கள், அவ்வளவுதான். உடம்பின் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும், புத்தகத்தை அதற்கப்புறம் எடுக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. டாக்டரிடம் மூன்று கேள்விகள்

வாசிக்கலாமா? எந்த நிலையில், எவ்வளவு நேரம் உட்காரலாம் அல்லது சாயலாம்? கொடுக்கிற மருந்தில் கண்ணையோ தூக்கத்தையோ பாதிப்பது எது? முதல் புத்தகத்தைத் திறக்கும் முன் இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகும் தலையில் அடிபட்ட பிறகும் சில நாள் வாசிக்கவே கூடாது என்று சொல்லக்கூடும். வலிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் சில மருந்துகள் தூக்கத்தில் ஆழ்த்தும். ஸ்டீராய்டு இதற்கு நேரெதிர், ராத்திரி முழுக்க விழிக்க வைத்துவிடும். இது முன்னமே தெரிந்தால், நாலு வரி தாண்டாமல் கண் சொருகும்போது "எனக்கு வேதத்தில் வாஞ்சையே போய்விட்டது" என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள மாட்டீர்கள்.

காசநோய்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. எத்தாம்பியூட்டால் என்ற மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைத் தொடும். எழுத்து மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் முன்போல் பிரிந்து தெரியாவிட்டாலோ, அசதி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் ஏறி இறங்கும். அது நிலைக்குமுன் புதுக் கண்ணாடி மாற்றினால், மாற்றின கண்ணாடி அடுத்த மாதமே உதவாமல் போகும்.

2. மூன்று நாள் நேரக் குறிப்பு

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன், மூன்று வாரம் வீணானது.

ஒரு தாளை எடுத்து, காலை ஆறிலிருந்து ராத்திரி பத்துவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வார்த்தை போதும்: தெளிவு, மந்தம், வலி, தூக்கம். மூன்று நாள் எழுதினால் உங்கள் உடம்பு எப்போது விழித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். எழுத முடியாதவர்களுக்குக் கூட இருப்பவர் கேட்டுக் குறித்துக் கொடுக்கலாம்.

காசநோயில் காய்ச்சல் பெரும்பாலும் சாயங்காலம்தான் ஏறும். நானோ வீட்டு வழக்கப்படி சாயங்காலம் விளக்கு போட்டதும் வேதபுத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்கும் குடும்ப ஜெபத்துக்கும் ஒரே நேரம்! குறிப்பு எழுதிப் பார்த்தபோது காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரைதான் என் தெளிவான நேரம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து வாசிப்பு காலைக்கு மாறியது. சாயங்காலம் மற்றவர்கள் வாசிக்க, நான் கேட்டுக்கொண்டு மட்டும் கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தால் டாக்டர் ரவுண்ட்ஸ், ஊசி போடும் நேரம், பார்வையாளர் நேரம் எல்லாவற்றையும் அதே தாளில் குறியுங்கள். மிஞ்சுவது நாற்பது நிமிஷமாக இருக்கலாம். அது போதும்.

3. அலமாரியை இறக்குவது

இதை நோயாளி செய்யக் கூடாது. வீட்டில் தெம்பாக இருக்கும் ஒருவர் செய்யட்டும்.

பல வருஷம் திறக்காத புத்தகத்தில் தூசியும் பூஞ்சையும் இருக்கும், இராமபாணப் பூச்சி தின்ற துகள் கொட்டும். ஆஸ்துமாக்காரருக்கும் நுரையீரல் நோயாளிக்கும் அது உடனே மூச்சைப் பிடிக்கும். கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று ஆபரேஷன் ஆனவர்கள் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூஞ்சை உண்மையிலேயே ஆபத்து. முற்றத்திலோ மாடியிலோ வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, பக்கங்களை விசிறி, ஒரு நாள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூஞ்சை வாசனை போகாத புத்தகம் அறைக்குள் வர வேண்டாம். அதில் எவ்வளவு நல்ல செய்தி இருந்தாலும் இப்போது வேண்டாம்.

துடைக்கும்போதே ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள்: புத்தகத்தின் பெயர், பக்க எண்ணிக்கை, எழுத்து பெரிதா சிறிதா, கையில் பிடிக்க எடை எப்படி. நோயாளி படுத்தபடி அந்தப் பட்டியலைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். 47 புத்தகத்தையும் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்கினால், அந்த அடுக்கே ஒரு கடன்காரனைப் போல் பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு அப்படித்தான் நின்றது.

4. மூன்றாகப் பிரிப்பது

ஜெபம், சரித்திரம், வியாக்கியானம் என்று பொருள்வாரியாகப் பிரிக்காதீர்கள். அது நூலகத்துக்குப் பொருந்தும். நோயாளிக்கு மூன்றே பிரிவுதான்: காய்ச்சல் நேரத்துக்கு, தெளிந்த நேரத்துக்கு, எழுந்த பிறகு.

காய்ச்சல் நேரத்துக்கானவை: ஒரு பக்கத்தில் ஒரு விஷயம் முடிந்துவிட வேண்டும். பாமாலை, கீர்த்தனைப் புத்தகம், ஜெபத் தொகுப்பு, சிறு கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்), தின தியான நூல். முந்தின பக்கத்தை மறந்துவிட்டாலும் இந்தப் பக்கம் புரியும் என்றால் அது இந்தப் பிரிவு. தின தியான நூல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பத்து நாள் விட்டுப்போனால் அந்தப் பத்தையும் ஈடுகட்ட உட்காராதீர்கள். இன்றைய தேதியைத் திறந்து வாசியுங்கள்.

தெளிந்த நேரத்துக்கானவை: கதையாக ஓடுகிறவை முதலில். மிஷனெரிகளின் வாழ்க்கை வரலாறு, சாட்சி நூல்கள், எளிய நடையில் எழுதிய வேத விளக்கம். 150 பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. கதைக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. இரண்டு நாள் விட்டுப்போனாலும், விட்ட இடத்தில் ஆள் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். விவாதமாகப் போகும் புத்தகத்தில் இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் முதல் அதிகாரத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

எழுந்த பிறகு வாசிக்க வேண்டியவை: இறையியல், எபிரெய கிரேக்கச் சொல்லாராய்ச்சி, பெரிய வியாக்கியானங்கள், நீண்ட காவியங்கள். ஹென்றி ஆல்பர்ட் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என் அலமாரியில் பன்னிரண்டு வருஷம் இருந்தது. 1894இல் வந்த அந்தக் காவியத்தை முதல் பாட்டிலிருந்து படுக்கையில் தொடங்கி, பதம் பிரிக்க முடியாமல் திணறினேன். பிறகு அதற்குள் தேவாரம் என்ற பெயரில் ஆங்காங்கே வரும் கிறிஸ்தவப் பாடல்களை மட்டும் எடுத்து, அவற்றைக் காய்ச்சல் நேரப் புத்தகமாக்கிக்கொண்டேன். ஒரே புத்தகத்தின் ஒரு பகுதி ஒரு பிரிவிலும் மறு பகுதி வேறு பிரிவிலும் இருக்கலாம். அந்த இடத்தில் ஒரு தாளைச் செருகி வைத்தால் ஆயிற்று.

தேர்ந்தெடுக்கும்போது எழுதியவர் யார் என்றும் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் தோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டார். அதிலிருந்து 1951இல் மறையும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். சுகமாய் இருக்கிறவர்கள் எழுதும் ஆறுதல் நோயாளிக்கு எட்டாமல் போவதை அவர் அங்கே கண்டார். அதனால் நோயாளி நோயாளிக்கு எழுதுவதாகவே சிலவற்றை எழுதினார். படுத்துக்கிடந்தவர் எழுதியதா, நின்றுகொண்டு எழுதியதா என்பது மூன்று பக்கத்தில் தெரிந்துவிடும். முதல் வகை உங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தாலும் அதை மேலே வையுங்கள்.

கட்டில் பக்கத்தில் ஒரு நேரத்தில் மூன்று புத்தகம்தான் இருக்க வேண்டும்: வேதபுத்தகம், காய்ச்சல் நேரத்துக்கு ஒன்று, தெளிந்த நேரத்துக்கு ஒன்று. மற்றதெல்லாம் வேறு அறைக்குப் போகட்டும்.

5. படுக்கை, வெளிச்சம், பலகை

சமையலறைத் தராசில் உங்கள் ஒத்துவாக்கிய வேதாகமத்தை (வசனத்துக்கு ஒத்த வசனங்களைக் குறித்திருக்கும் பெரிய பதிப்பு) வைத்துப் பாருங்கள். என்னுடையது ஒரு கிலோ முந்நூறு கிராம் இருந்தது. மல்லாந்து படுத்து அதை மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் கை நடுங்கும், தோள் வலிக்கும். கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி குத்தியிருந்தால் நினைக்கவே வேண்டாம். புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் சேர்ந்த சிறிய பதிப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்துத் தேவையானால் தனித்தனிச் சுவிசேஷப் புத்தகமாகக் கிடைப்பது இன்னும் சுலபம்.

சாய்ந்து உட்கார அனுமதி இருந்தால் மடியில் ஒரு தலையணை, அதன்மேல் சிக்குப்பலகை, அதாவது புத்தகத்தை விரித்து வைக்கும் மடக்குப் பலகை. தாத்தா காலத்துப் பலகை வீட்டுப் பரணில் இருக்கலாம், தேடிப் பாருங்கள். கழுத்தைக் குனியாமல் கண் மட்டும் தாழ்ந்து பார்க்கும் உயரத்தில் புத்தகம் இருக்க வேண்டும். வெளிச்சம் தலைக்குப் பின்னாலிருந்து தோள் வழியாகப் பக்கத்தில் விழட்டும். எதிரே ஜன்னல் இருந்தால் கண் சீக்கிரம் களைக்கும்.

பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள். மல்லாந்து எழுதும்போது பால்பாயிண்ட் பேனாவில் மை இறங்காது. வேதாகமத் தாள் மெல்லியது, கலர் மார்க்கர் பின்பக்கம்வரை ஊறும். மூன்றாவது காரணம் அடுத்த படியில் வருகிறது.

ஒரு சால்வையும் பக்கத்தில் இருக்கட்டும். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் ஒரே வரியில்தான் கேட்கிறார். குளிர்ந்த கைக்குப் புத்தகம் பிடிபடாது.

6. வேதபுத்தகத்தை எங்கே தொடங்குவது

நான் அதிகமாகப் பார்த்த தவறு இதில்தான். "சும்மாதானே கிடக்கிறேன், ஆதியாகமத்திலிருந்து ஒரே மாசத்தில் முடித்துவிடுகிறேன்" என்று பொருத்தனை (நேர்ச்சை) பண்ணுகிறார்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரம். ஒரு மாதம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 40 அதிகாரம். சுகமாய் இருப்பவருக்கே மூச்சு வாங்கும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று தள்ளிக்கொண்டு வந்து லேவியராகமத்தில் நிற்கிறவர்கள்தான் அநேகர். அங்கே 13ஆம் அதிகாரத்தில் தோல் நோய்ச் சட்டம் மட்டும் 46 வசனம். படுக்கையில் கிடப்பவர் அதில் தன் நோயைத் தேட ஆரம்பித்துவிடுவார். நிறுத்திவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியில் அதன்பின் வேதபுத்தகத்தையே தொடாமல் இருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

முதலில், வேதத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் ஆரோகண சங்கீதம் என்று தலைப்புள்ளவற்றை எடுங்கள், 120 முதல் 134 வரை. பதினைந்தில் 132ஐத் தவிர எதுவும் ஒன்பது வசனத்தைத் தாண்டாது. 131இல் மூன்றே வசனம். காய்ச்சலிலும் ஒன்றை முடிக்கலாம். "முடித்தேன்" என்ற உணர்வு நோயாளிக்கு மருந்துபோல வேலை செய்கிறது, அதைச் சிறிதாக நினைக்காதீர்கள்.

பிறகு மாற்கு சுவிசேஷம். பதினாறே அதிகாரம். பேச்சு குறைவு, நடையும் செயலும் அதிகம். சீமோனின் மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள். நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். பன்னிரண்டு வருஷம் வைத்தியர்களிடம் அலைந்து, உள்ளதையெல்லாம் செலவழித்து, முன்னிலும் மோசமான ஒரு பெண் கூட்டத்துக்குள் கை நீட்டுகிறாள். மருத்துவமனைப் பில்லைத் தலையணைக்கடியில் வைத்திருப்பவருக்கு ஐந்தாம் அதிகாரத்தின் 26ஆம் வசனத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாளுக்கு அரை அதிகாரம் போதும், ஒரு மாதத்தில் முடியும்.

தூக்கம் வராத ராத்திரிக்கு 6, 13, 77, 102 ஆகிய சங்கீதங்கள். 77இல், தூங்காதபடி கண்ணிமையைப் பிடித்திருக்கிறீர் என்று சங்கீதக்காரர் ஆண்டவரிடமே முறையிடுகிறார். 88ஐ மட்டும் பகலில் வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது, கடைசிவரை வெளிச்சம் வருவதில்லை. இப்படியும் ஜெபிக்க வேதத்தில் இடம் இருக்கிறது என்று பகலில் அது பெரிய ஆறுதல். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக வாசித்தால் பாரமாகிவிடும்.

குற்றமின்றியே எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பற்றி விவரமாகவே சொல்ல வேண்டும். நோயாளி என்றதும் எல்லாரும் யோபுவைத்தான் சொல்வார்கள். 42 அதிகாரமுள்ள அந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி வாக்குவாதம். யோபுவின் நண்பர்கள் பேசுவது கேட்க அழகாக இருக்கும். ஆனால் முடிவில், 42:7இல், அவர்கள் நிதானமாய், அதாவது சரியாக, பேசவில்லை என்று தேவனே சொல்கிறார். அதுவரை வாசிக்காமல் நடுவில் நிறுத்தினால், தேவன் கடிந்துகொண்ட பேச்சையே தேவனுடைய பேச்சாக எடுத்துக்கொள்வோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து ஏழாவது வாரம். வேதபுத்தகம் யோபு நாலாம் அதிகாரத்தில் திறந்திருந்தது. குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ என்று யோபுவின் நண்பன் எலிப்பாஸ் கேட்கும் வசனத்தின் அடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு. "ஒரு மாசமா யோசிச்சுக்கிட்டே கிடக்கேன்மா, நான் என்ன பாவம் பண்ணினேன்னு" என்றார். நான் கடைசி அதிகாரத்தைத் திருப்பி வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தாள்தான் கிழிய வந்தது. கடைசியில் பக்கத்து ஓரத்தில் "42:7 பார்க்க" என்று எழுதச் சொன்னார், எழுதினேன். பென்சில் வேண்டும் என்று நான் சொல்வதற்கு மூன்றாவது காரணம் இதுதான்.

துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்ற வசனம் நம் வீட்டுச் சுவர்களிலும் வாக்குத்தத்த அட்டைகளிலும் இருக்கிறது. அது யோபு 8:7, பேசுகிறவன் அந்த நண்பர்களில் ஒருவனான பில்தாத். நீ சுத்தமானவனாயிருந்தால் என்ற நிபந்தனை அதற்கு முந்தின வசனத்தில் இருக்கிறது. அட்டையில் அது இருப்பதில்லை. அதனால் நோயாளிகளுக்கு நான் சொல்லும் வரிசை: யோபு 1, 2, 3 வாசியுங்கள். அப்புறம் நேராக 38 முதல் 42 வரை. நடுவிலுள்ள வாக்குவாதத்தை எழுந்து உட்கார்ந்த பிறகு, 42:7ஐ நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பழைய மொழிபெயர்ப்பு பழகியவர்கள் அதிலேயே வாசிக்கட்டும், பாதி மனப்பாடமாக இருப்பதால் கண்ணுக்கு வேலை குறையும். புதிதாக வாசிப்பவருக்கு 1995இல் வந்த திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பின் நடை எளிது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்தது, தயங்க வேண்டியதில்லை.

7. ஒரு நாள் வாசிப்பின் அளவு

தெளிந்த நேரம் தொடங்கியதும் முதலில் வேதபகுதி, பத்து நிமிஷம். கண்ணை மூடி ஐந்து நிமிஷம் ஓய்வு. அப்புறம் தெளிந்த நேரப் புத்தகம், இருபது நிமிஷம். இவ்வளவுதான். கடிகாரத்தில் அலாரம் வையுங்கள்.

நன்றாக இருக்கும்போதே நிறுத்துவது முக்கியம். ஒரு நாள் உடம்பு லேசாக இருந்தது என்று இரண்டரை மணி நேரம் தொடர்ந்து வாசித்தேன். அடுத்த இரண்டு நாள் தலையைத் தூக்க முடியவில்லை. மிச்சம் வைத்த ஆசை மறுநாள் காலையில் புத்தகத்தைக் கையில் எடுக்க வைக்கும். களைத்துப்போய் மூடின புத்தகத்தின் மேல் ஒரு வெறுப்பு ஒட்டிக்கொள்ளும்.

ஒரே பத்தியை மூன்றாம் முறை வாசிக்கிறீர்கள் என்றால் அன்றைக்குப் போதும். நாள் கணக்கில் பக்கத்தை எண்ணாதீர்கள், வாரக் கணக்கில் பாருங்கள். நோயில் ஒரு நாள்போல் மறுநாள் இருக்காது.

8. வாசிக்க முடியாத நாள்

வரும். அந்த நாளுக்கு ஏற்பாட்டை முன்னமே செய்துவைக்க வேண்டும், வந்தபின் யோசிக்கத் தெம்பு இருக்காது.

முதல் ஏற்பாடு, வாசித்துக் காட்ட ஒருவர். இதற்குப் பிள்ளைகளே போதும். என் அண்ணன் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து "அத்தை, எது வரைக்கும் வாசிச்சோம்?" என்று கேட்டுக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்காருவாள். பழைய புத்தகங்களில் சொற்களெல்லாம் சந்தியில் ஒட்டிக்கொண்டு நீளமாக இருக்கும். அவள் எழுத்துக் கூட்டித் திணறித் திணறி வாசித்த வேகம்தான் என் தலைக்குச் சரியாக இருந்தது. வாசிப்பவரிடம் விளக்கம் சொல்லச் சொல்லாதீர்கள். வாசித்துவிட்டு எழுந்து போகட்டும்.

இரண்டாவது, போனில் ஒலி வேதாகமம். தமிழில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் தடவை கேட்பதற்கு நீங்கள் நன்றாக அறிந்த பகுதியையே போடுங்கள், நடுவில் தூங்கிப்போனாலும் எதையும் தவறவிட்டதாக இருக்காது. இத்தனை நிமிஷத்தில் நின்றுவிடும்படி டைமர் வையுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் இருக்கும் வார்டில் இயர்போன் கட்டாயம்.

மூன்றாவது, ஒரே வரி. வேதத்திலிருந்தோ பாட்டிலிருந்தோ ஒரு வரியைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அன்றைக்கு அதைப் பார்த்ததே வாசிப்பு. இதையும் நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

9. நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, புத்தகம், நிறுத்தின பக்கம், ஒரு வரி. அந்த ஒரு வரி சுருக்கமாக இருக்க வேண்டியதில்லை, கேள்வியாக இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். மருந்து மயக்கத்தில் நேற்று வாசித்தது இன்று நினைவில் நிற்காது. நோட்டு இல்லாவிட்டால் முதல் இருபது பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்போம்.

எசேக்கியா ராஜா வியாதியாயிருந்து பிழைத்தபின் எழுதிவைத்தது ஏசாயா 38இல் இருக்கிறது. பாதிவரை அது புலம்பல்தான். நோட்டில் துதி மட்டுமே எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் அதைப் பாருங்கள்.

10. பாதியில் வைத்துவிடுவதும், திறக்கவே கூடாததும்

ஐம்பது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லையா, மூடி "எழுந்த பிறகு" பிரிவில் போடுங்கள். பரிசாகக் கொடுத்தவர் வருத்தப்படுவாரே என்று வாசிக்க வேண்டாம். என் 47இல் படுக்கைக் காலத்தில் முடித்தவை 19. எட்டைப் பாதியில் வைத்தேன்.

ஆனால் ஒரு வகைப் புத்தகத்தை அறைக்குள்ளேயே விடாதீர்கள். உன் வியாதிக்கு உன் விசுவாசக் குறைவே காரணம் என்பவை, மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசத்தின் அடையாளம் என்பவை. யாரோ அன்பாகக் கொண்டுவந்த ஒரு சிறு புத்தகத்தை வாசித்துவிட்டு ஒரு தம்பி பதினொரு நாள் காசநோய் மாத்திரையை நிறுத்தினான். தலையணை உறைக்குள் மாத்திரைகளைக் கண்டெடுத்தது அவன் அம்மா. காசநோய் மருந்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும், அப்புறம் சிகிச்சை இன்னும் நீளும். நல்ல வேளையாக அவன் சீக்கிரம் திரும்ப ஆரம்பித்தான். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவன் பெற்றோரும் அல்ல என்று இயேசு சொன்னது யோவான் 9இல் இருக்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம், தண்டனை வார்த்தை எதுவும் சொல்லவில்லை. தம் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்தார். இந்த மூன்று இடத்தையும் அந்தப் புத்தகம் எப்படிக் கையாளுகிறது என்று கூட இருப்பவர் பார்த்துவிட்டு உள்ளே கொடுக்கட்டும்.

11. பார்க்க வருகிறவர்களுக்கு

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு தடிப்புத்தகம் கொண்டுவராதீர்கள். கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். "இதை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கொடுத்தால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். "திருப்பித் தர வேண்டாம், முடிந்தபோது பாருங்கள்" என்று கொடுங்கள்.

அதைவிட உதவி, அவர் தலைமாட்டில் ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கம் சத்தமாக வாசித்துவிட்டுப் போவது. யோபுவின் நண்பர்கள் நன்றாகச் செய்த ஒரு காரியம், வாய் திறக்கும் முன் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான்.

12. எழுந்த பிறகு

எழுந்த முதல் வாரத்திலேயே மூன்றாம் பிரிவைத் திறக்காதீர்கள். வீட்டு வேலையும் ஆபீஸும் பிடித்துக்கொள்ளும், வாசிப்பு நின்றுவிட்டதே என்ற வருத்தம் சேரும். காலைப் பத்து நிமிஷ வேதபகுதியை மட்டும் அதே நேரத்தில் தொடருங்கள். ஒரு மாதம் கழித்து மூன்றாம் பிரிவிலிருந்து ஒன்றை எடுங்கள். யோபுவின் நடு அதிகாரங்களுக்கும் இப்போதுதான் நேரம்.

கடன் வாங்கின புத்தகங்களை நோட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். அம்மை போன்ற தொற்றோடு கிடந்த அறையிலிருந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முடித்தவற்றில் உங்களைத் தாங்கிய இரண்டு மூன்றை அடுத்து யாராவது படுக்கும்போது கொடுக்கத் தனியாக எடுத்துவையுங்கள். கொடுக்கும் முன் ரப்பரால் உங்கள் பென்சில் கோடுகளையெல்லாம் அழித்துவிடுங்கள். கோடு இருந்தால் அவர் கண் உங்கள் வரிகளிலேயே போய் நிற்கும். அவருக்கான வரி வேறு பக்கத்தில் இருக்கலாம்.